யாரும் போடாத உப்பு

இது நடந்தபோது நான் அங்கே இல்லை.

எனக்குச் சொன்னவள் கோகிலவாணி. எம்.எஸ்ஸி. வேதியியல் படித்தபோது ஆய்வகத்தில் என் பக்கத்து மேஜை. அவளுக்குச் சொன்னவர் அவளுடைய தாய்மாமன் நாச்சிமுத்து. சொல்லும்போது அவர் இரண்டு இடத்தில் சிரித்தாராம், ஓர் இடத்தில் மூக்கைச் சிந்தினாராம். எந்தெந்த இடம் என்று அவள் குறித்து வைக்கவில்லை. அதனால் நானும் குறிக்கவில்லை.

மடத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். ஈரோட்டுப் பக்கம் ஒரு சின்ன மலை. மேலே ஓர் ஓட்டுக் கட்டடம். அதில் பாதி சமையலறை. இவ்வளவு போதும்.

*

"அம்மா, எனக்குக் கோபம் வருதுங். அதை ஒழிக்கறது எப்படிங்?"

கேட்டவர் நாச்சிமுத்து.

குரு தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குருவுக்கு வயது நாற்பத்தொன்று. கையில் எப்போதும் கரண்டி இருக்கும். அதனால் கரண்டியம்மா. சீடருக்கு வயது அறுபத்திரண்டு. முப்பத்துநான்கு வருடம் அரசாங்கத்தில் நிலம் அளந்து ஓய்வு பெற்றவர்.

"யார் மேலங்க ஐயா?"

"என் தங்கச்சி ருக்குமணி மேலங்."

"எத்தனை நாளா?"

"பதினோரு வருஷம், நாலு மாசம், ஒம்பது நாள்."

கரண்டியம்மா தோசையைத் திருப்பினார்.

"என்ன பண்ணுனாங்க?"

"என் பையன் கல்யாணங். பந்தியில உக்காந்து, நாலு பேர் காதுல விழற மாதிரி, சாம்பார்ல உப்பு இல்லைன்னா."

"இருந்துச்சா?"

நாச்சிமுத்து சற்று யோசித்தார். ஒரு வரப்பைக்கூட ஒரு விரற்கடை நகர்த்தி எழுதியறியாத மனிதர்.

"இல்லைங்."

"அப்புறம்?"

"நான் சும்மா இருந்திருக்கலாம்."

"இருந்தீங்களா?"

"இல்லைங். 'உன் நாக்குல இருக்கற புளிப்புக்கு எத்தனை மூட்டை உப்புக் கொட்டினாலும் பத்தாது'ன்னேன். பாதி இலையில எந்திரிச்சுப் போயிட்டா."

பாதி இலையில் எழுந்து போவது என்றால் என்ன என்று கரண்டியம்மாவுக்கு விளக்க வேண்டியதில்லை. கரண்டியைக் கீழே வைத்தார். அந்த மடத்தில் அது அபூர்வம்.

"இப்ப என்ன அவசரம்?"

"அவ மக கோகிலவாணிக்குக் கல்யாணங். அடுத்த புதன். தாய்மாமன் நான் ஒருத்தன்தான். பத்திரிகையில பேர் போட்டு, மச்சான் நேர்ல வந்து வெத்தலை பாக்கு வெச்சுக் கூப்பிட்டுட்டாரு. அவ வரலைங். நான் போகலைன்னா பெரியப்பன் பையனை என் இடத்துல நிறுத்திருவாங்க. காலத்துக்கும் அந்தப் புள்ளைக்கு மாமன் அவன்தான். போனா..."

"போனா?"

"போனா என் வாய் என்ன பேசும்னு எனக்கே தெரியாதுங். அங்கயும் பந்தி இருக்கும். சாம்பார் இருக்கும். அவ இருப்பா."

"கோபத்துக்கு நீங்களா ஏதாச்சும் செஞ்சு பாத்தீங்களா?"

நாச்சிமுத்து தோள்பையைத் திறந்தார்.

"மன்னிப்புக் கடிதம் எழுதியிருக்கேனுங். நாலு பக்கம்."

"படிங்க."

*

முதல் பக்கத்தில் அவர் தன்னைப் பாவி என்று எழுதியிருந்தார்.

இரண்டாம் பக்கத்தில் மகாபாவி என்று எழுதியிருந்தார். தங்கையின் பாதத்தூசிக்குச் சமமில்லை என்றும் இருந்தது.

மூன்றாம் பக்கத்தில், அன்று உப்புக் குறைந்ததற்குச் சமையல்காரரே முழுப் பொறுப்பு என்றும், வீட்டாருக்கு அதில் பங்கில்லை என்றும் இருந்தது.

நான்காம் பக்கம் ஒரு வரைபடம்.

"இது என்னங்க ஐயா?"

"பந்தியோட அளவுங். இது அவ உக்காந்த இலை. இது நான் நின்ன இடம். நடுவுல பதினொன்றரை அடி. தணிஞ்ச குரல்ல சொல்லியிருந்தா எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். பின்வரிசையில இருந்த சம்பந்திக்குக் கேட்டுதுன்னா, அவ வேணும்னே சத்தமாச் சொன்னாங்கறது இதுல தெளிவாத் தெரியும்."

கரண்டியம்மா வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வடக்கு எந்தப் பக்கம்?"

"மேல அம்புக்குறி போட்டிருக்கேனுங்."

கரண்டியம்மா தலையை ஆட்டினார். கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். சமையலறை மூலையில் இருந்த ஓர் அண்டாவின் மூடியைத் திறந்தார்.

வாசம் வாசல்வரை வந்தது.

"நாளைக்கு மத்தியானத்துக்கு அரைச்ச மாவு. வெயில்ல இன்னைக்கே புளிச்சுப் போச்சு. இதுல இருக்கற புளிப்பை எடுத்துக் குடுங்க. அப்புறம் உங்க கோபத்தைப் பாக்கலாம்."

"புளிப்பை எப்படிங் எடுக்கறது? அது மாவுக்குள்ள கலந்து கெடக்குதே."

"உங்க கோபம் எங்க கெடக்குது?"

நாச்சிமுத்து நெஞ்சைத் தொட்டார். யோசித்துவிட்டு நாக்கைத் தொட்டார்.

கரண்டியம்மா சமையல் சோடா டப்பாவை அவர் கையில் வைத்தார்.

"எவ்வளவு போடறதுங்?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா எத்தனை கிராமுங்?"

கரண்டியம்மா போய்விட்டிருந்தார்.

*

அந்த வாரம் மடத்தில் விரதம் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

வருடத்தில் ஒருமுறை, ஏழு நாள், நாற்பது பேர் மலையேறி வந்து உப்பில்லாமல் சாப்பிடுவார்கள். முதல் நாள் காலையில் உப்பு ஜாடியில் உப்பு எதுவரை இருக்கிறதோ அங்கே வெளியே மஞ்சளால் கோடு போட்டு, வாயைத் துணியால் கட்டி, ஏழு முடிச்சுப் போட்டு, உத்திரத்தில் தொங்கவிடுவார்கள். ஏழாம் நாள் இறக்குவார்கள். அதுவரை அதை யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை என்பது பேச்சு. எல்லோரும் பார்ப்பார்கள்.

விரதக்காரர்களுக்குத் தலைவர் ராக்கியண்ணன். பஸ் கண்டக்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் யாரிடம் பேசினாலும், அந்த ஆள் படிக்கட்டில் தொங்குகிறார் என்பது போலவே பேசுவார்.

அவர் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தபோது, நாச்சிமுத்து டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"என்னங்க சர்வேயரே, உள்ள போங்க, உள்ள போங்க. மாவுக்கு என்ன டிக்கெட்டு?"

"கொஞ்சம் போடச் சொல்லியிருக்காங்க. அளவு சொல்லலை."

"நிறையப் புளிச்சிருந்தா நிறையப் போடணும். இதுக்குப் படிச்சிருக்கணுமா?"

நியாயமாகத்தான் பட்டது. நாச்சிமுத்து டப்பாவை அண்டாவுக்குள் கவிழ்த்தார். தட்டித் தட்டி, அடியில் ஒட்டியதையும் விழவைத்தார். துடுப்பால் நன்றாகக் கலக்கினார். கலக்கித் திரும்பினால் மூடியைக் காணோம். ராக்கியண்ணன் அதை விசிறியாக்கி வீசிக்கொண்டே வெளியே போய்விட்டிருந்தார்.

தூசி விழக்கூடாதே என்று, கடிதத்தின் நாலு பக்கத்தையும் அண்டாவின் வாய்மேல் பரப்பினார்.

சற்று நேரத்தில் தோட்டத்தில் இருந்த கரண்டியம்மாவுக்குக் குரல் கேட்டது.

"அம்மா, மாவு வருதுங்."

"எங்க வருது?"

"வெளியங்."

*

கரண்டியம்மா வந்தபோது மாவு அண்டாவின் கழுத்தைத் தாண்டி, அடுப்பு மேடையைத் தாண்டி, தரையில் இறங்கிக்கொண்டிருந்தது. உஸ்ஸென்று ஒரு சத்தம். நாச்சிமுத்து இரண்டு கையாலும் அதை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். உள்ளே தள்ளியது இன்னொரு பக்கமாக வந்தது.

முதலில் நனைந்தது வரைபடம். வடக்கு அம்பு கொஞ்ச நேரம் தெரிந்தது. பிறகு அதுவும் அமிழ்ந்தது.

"அம்மா, என்ன பண்றதுங்?"

"நுரை அடங்கட்டும்."

"அதுவரைக்கும்?"

"நில்லுங்க."

"சும்மாவா?"

"சும்மாதான்."

"எத்தனை நிமிஷங்?"

நாச்சிமுத்து கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். ஏழு நிமிடம் ஆனது. அவர் வாழ்க்கையில் ஒரு வேலையும் செய்யாமல், ஒரு வார்த்தையும் பேசாமல் நின்ற ஏழு நிமிடம் அது ஒன்றுதான் என்று கோகிலவாணியிடம் சொல்லியிருக்கிறார்.

நுரை அடங்கிய பிறகு, காகிதக் கூழை வழித்தெடுத்துவிட்டு, கரண்டியம்மா அந்த மாவில் ஒரு தோசை வார்த்தார். தோசை மஞ்சளாக வந்தது. ஒரு துண்டு பிய்த்துக் கொடுத்தார்.

நாச்சிமுத்து மென்றார். மெல்லுவதை நிறுத்தினார்.

"புளிப்பு?"

"போயிருச்சுங்."

"வேற?"

"துணிக்குப் போடற சோப்பு மாதிரி இருக்குதுங்."

"உங்க முதல் ரெண்டு பக்கமும் எனக்கு அப்படித்தான் இருந்துச்சு."

நாச்சிமுத்து முழுங்கினார். தோசையைத்தான்.

*

கரண்டியம்மா ஒரு பானை மோர் கொண்டுவந்தார். நாலு நாள் மோர். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊற்ற வேண்டிய மோர். அண்டாவில் ஊற்றினார்.

மாவு மறுபடி எழுந்தது.

"அம்மா, வருதுங்."

"நில்லுங்க."

நின்றார். நாலு நிமிடம்.

ருசி பார்த்தார். மறுபடி புளிப்பு.

இந்தமுறை புது டப்பாவைத் திறந்து கரண்டியால் சோடா போட்டார். நுரைத்தது. நின்றார். ருசி பார்த்தார். சோப்பு.

கரண்டியம்மா மோர் ஊற்றினார். நுரைத்தது. நின்றார். புளிப்பு.

மாவு நீர்த்துப்போனது. அரிசி மாவைக் கொட்டிக் கெட்டியாக்கினார்கள். அண்டா போதவில்லை. இரண்டாவது அண்டா வந்தது. மூன்றாவதாக, குளிப்பதற்கு வெந்நீர் போடும் தவலை வந்தது.

ராக்கியண்ணன் வாசலில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு சோடா, ரெண்டு மோர். ஏனுங்க சர்வேயரே, நாங்க நாப்பது பேர்தான். நீங்க தாலுகாவுக்கே சமைக்கறீங்க."

"நீங்கதானுங்க நிறையப் போடச் சொன்னீங்க."

"நான் சொன்னா? நான் எந்த ஊர்ல சமையல்காரன்?"

நாச்சிமுத்துவின் நாக்கு நுனியில் ஒரு பதில் வந்து நின்றது. நல்ல பதில். ராக்கியண்ணன் ஒரு மாதம் தூங்காமல் கிடப்பதற்குப் போதுமான பதில். அவர் வாயைத் திறந்தபோது மாவு நுரைத்துக்கொண்டிருந்தது. கரண்டியம்மா அவரைப் பார்க்கவில்லை. மாவைத்தான் பார்த்தார்.

நாச்சிமுத்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு நிமிடம்.

நுரை அடங்கியபோது அந்தப் பதிலைத் தேடினார். பாதிதான் ஞாபகம் இருந்தது. அதுவும் அவ்வளவு நன்றாக இல்லை.

கரண்டியை வைத்துவிட்டு ஸ்பூனை எடுத்தார். அப்புறம் ஸ்பூனையும் வைத்துவிட்டு விரலால் எடுத்தார். ஒரு சிட்டிகை. நின்றார். ருசி பார்த்தார். இன்னொரு சிட்டிகை. நின்றார்.

பொழுது சாய்வதற்குள் ஒரு சிட்டிகைக்கு மாவு நுரைக்காமல், லேசாக ஒரு கொப்புளம் மட்டும் விட்டு அமைதியானது.

"போதுங்களா அம்மா?"

"நீங்க சொல்லுங்க."

ருசி பார்த்தார். புளிப்பு இல்லை. சோப்பு இல்லை.

"போதுங்."

"எத்தனை கிராம் ஆச்சு?"

நாச்சிமுத்து விரல்களைப் பார்த்தார். எண்ண மறந்துவிட்டிருந்தார்.

*

மறுநாள் மத்தியானம் நாற்பது இலை.

முதல் தோசை முடிந்து இரண்டாம் தோசையின் நடுவில் ராக்கியண்ணன் கையை உயர்த்தினார். பஸ்ஸை நிறுத்துவது போல.

"நிறுத்துங்க. எல்லாரும் கையை எடுங்க."

நாற்பது கைகள் நின்றன.

"உப்பு இருக்குது."

அவரவருக்கு முதல் வாயிலேயே தெரிந்திருந்தது. இரண்டு நாள் உப்பைக் காணாத நாக்குகள். தெரிந்தும் ஒரு தோசையை முழுசாக முடித்திருந்தார்கள்.

ராக்கியண்ணன் நாச்சிமுத்து பக்கம் திரும்பினார்.

"வந்த அன்னைக்கே நினைச்சேன். தோள்ல பை. விரதத்துக்கு வர்ற ஆளு எதுக்குப் பை கொண்டு வர்றான்?"

"நான் உப்புப் போடலைங்."

"பின்ன? மழையில கரைஞ்சு வந்துச்சா?"

"ஜாடியை இறக்கிப் பாருங்."

இறக்கினார்கள். ஏழு முடிச்சு ஏழாகவே இருந்தது. அவிழ்த்தார்கள். முப்பத்துநான்கு வருடம் எல்லைக்கல் பார்த்த கண்ணை நாச்சிமுத்து மஞ்சள் கோட்டுக்கு நேராக இறக்கினார். ராக்கியண்ணனும் குனிந்தார். இருவர் கன்னமும் உரசிக்கொண்டன.

உப்பு கோட்டிலேயே இருந்தது. ஒரு கல்கூடக் குறையவில்லை.

ராக்கியண்ணன் இலைக்குத் திரும்பி, சாட்சிக்காக இன்னொரு துண்டு சாப்பிட்டார்.

"உப்புத்தான்," என்றார். குரலில் பழைய வேகம் இல்லை.

கரண்டியம்மா கடைசி இலையில் உட்கார்ந்து தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நாச்சிமுத்து ஐயா, நேத்து நீங்க மாவுல என்ன போட்டீங்க?"

"சோடாங்."

"எப்படி இருந்துச்சு?"

"சோப்பு மாதிரிங்."

"நான் என்ன ஊத்துனேன்?"

"புளிச்ச மோருங்."

"எப்படி இருந்துச்சு?"

"நினைச்சாலே பல்லுக் கூசுதுங்."

"இப்ப அந்தப் புளிப்பு எங்க?"

நாச்சிமுத்து ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடித் தேடினார்.

"காணோங்."

"சோப்பு?"

"அதுவும் காணோங்."

"வேற என்ன இருக்குது?"

நாச்சிமுத்து வெகுநேரம் மென்றார். நாற்பது பேரும் அவர் வாயைப் பார்த்தார்கள்.

"அம்மா," என்றார். "இந்த உப்பு அவளோடதுங்களா, என்னோடதுங்களா?"

மோரையும் சோடாவையும் பற்றித்தான் கேட்கிறார் என்று ராக்கியண்ணன் நினைத்தார்.

"இன்னொரு தோசை வைக்கட்டுமா?" என்றார் கரண்டியம்மா.

*

"எங்க விரதம்?" என்று ராக்கியண்ணன் கேட்டார். "அது கெட்டுப்போச்சா, இல்லையா? நாப்பது பேருக்கு நான் பதில் சொல்லணும்."

"ஜாடியைத் தொடறதில்லைன்னுதானே சொல்லி வெச்சுக்கிட்டீங்க?"

"ஆமா."

"தொட்டீங்களா?"

"இப்பத்தான் தொட்டோம். அளந்து பாக்கறதுக்கு."

"அதுக்கு முந்தி?"

"இல்லை."

"ஆறப்போகுது. சாப்பிடுங்க."

ராக்கியண்ணன் ஒன்பது தோசை சாப்பிட்டார். இலையை மடிக்கும்போது, "சர்வேயரே, நாளைக்கும் மாவு புளிக்குமா?" என்று கேட்டார். மெதுவாக. பக்கத்து இலைக்குக்கூடக் கேட்கவில்லை.

*

செவ்வாய்க்கிழமை, கல்யாணத்துக்கு முந்தின நாள், நாச்சிமுத்து புறப்பட்டார்.

"அம்மா, கடிதமும் போயிருச்சு. அங்க போய் நான் என்ன சொல்றதுங்?"

கரண்டியம்மா மாவு கலக்கிக்கொண்டிருந்தார்.

"நுரை அடங்கட்டும்."

"அடங்கினப்புறம்?"

கரண்டியம்மா கலக்கிக்கொண்டே இருந்தார். நாச்சிமுத்து கொஞ்ச நேரம் நின்றார். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பிறகு மலையிறங்கினார்.

*

இதுவரை நாச்சிமுத்து சொல்லி, கோகிலவாணி சொல்லி, நான் எழுதியது.

கல்யாணத்தன்று என்ன நடந்தது என்று கோகிலவாணிக்கே சரியாகத் தெரியாது. அவள் மணமேடையில் போட்டோக்காரருக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். மாமன் வந்தார், செய்ய வேண்டிய சீர் எல்லாம் செய்தார், அம்மாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அதனால் நான் இரண்டு விஷயங்களைச் சரிபார்த்தேன்.

முதலாவது மாவு. புளிப்பும் சோடாவும் சேர்ந்தால் இரண்டும் போய் ஓர் உப்பு உண்டாகும் என்பது பள்ளிக்கூடப் பாடத்திலேயே இருக்கிறது. அதை எத்தனையோ தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ருசி பார்க்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை. வீட்டில் ஒரு டம்ளர் புளித்த மாவில், உப்பே போடாமல், சிட்டிகை சிட்டிகையாகச் சோடா போட்டு, நுரை அடங்கியபின் தோசை வார்த்துப் பார்த்தேன். உப்புக் கரிக்கிறது. கல் உப்பு அளவுக்கு இல்லை. அது சமையல் உப்பு அல்ல, சமையல் உப்புக்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் உப்புத்தான்.

இரண்டாவது கல்யாண வீடியோ. மூன்று மணி நேரம் ஓடுவது. பந்தி இரண்டு மணி பதினோராவது நிமிடத்தில் வருகிறது.

கடைசிப் பந்தி. வீட்டு ஆட்கள். நாச்சிமுத்து ஒரு வரிசையில் இருக்கிறார். எதிர் வரிசையில், இரண்டு இலை தள்ளி, ருக்குமணி. நடுவில் பதினொன்றரை அடி இருக்காது. ஐந்தடி இருக்கும்.

சாம்பார் ஊற்றுகிறார்கள். நாச்சிமுத்து பிசைகிறார். ஒரு வாய் வைக்கிறார்.

கை நிற்கிறது.

நிமிர்ந்து எதிரே பார்க்கிறார். ருக்குமணியும் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு அவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருடைய கையும் நிற்கிறது. பக்கத்தில் இருக்கும் மச்சான் இருவரையும் மாறி மாறிப் பார்க்கிறார்.

நாச்சிமுத்துவின் வாய் திறக்கிறது.

பதினான்கு விநாடி. கைப்பேசியில் இரண்டு முறை நேரம் வைத்துப் பார்த்தேன். பதினான்குதான்.

வாய் மூடுகிறது. நாச்சிமுத்து எழுகிறார்.

பாதி இலை. சாம்பார் சாதம் அப்படியே இருக்கிறது. மச்சான் பதறி எழுந்து நிற்பது தெரிகிறது. ருக்குமணி எழவில்லை. இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். நாச்சிமுத்து கை கழுவும் பக்கம் போகிறார். கேமரா அவரை விட்டுவிட்டு யாரோ ஒரு குழந்தை அப்பளம் சாப்பிடுவதைக் கொஞ்ச நேரம் காட்டுகிறது. அந்தக் குழந்தை மேல் எனக்குக் கோபம் வந்தது.

கேமரா திரும்பும்போது நாச்சிமுத்து வருகிறார். கழுவிய கை. அதில் உப்புக் கிண்ணம்.

ருக்குமணியின் இலைக்கு முன்னால் குனிந்து, ஓரத்தில் ஒரு சிட்டிகை வைக்கிறார். ருக்குமணி ஏதோ சொல்கிறார். நாச்சிமுத்து இன்னொரு சிட்டிகை வைக்கிறார். பிறகு மச்சானுக்கு. பிறகு அந்த வரிசை முழுக்க. பிறகு எதிர் வரிசை. கடைசியாகத் தன் இலையில் ஒரு சிட்டிகை வைத்துக்கொண்டு, உட்கார்ந்து, சாப்பிடுகிறார். கை கழுவிய பிறகு அதே இலையில் உட்கார்ந்ததைப் பற்றி உறவுக்காரர்களில் இரண்டு பேர் இன்னும் பேசுகிறார்களாம்.

ருக்குமணி என்ன சொன்னார் என்பது வீடியோவில் கேட்கவில்லை. அந்த இடத்தில் நாதஸ்வரத்தைச் சேர்த்துவிட்டார்கள். போன மாதம் கோகிலவாணி வீட்டுக்குப் போயிருந்தபோது அவரிடமே கேட்டேன்.

"போதும்ணான்னு சொன்னேன்," என்றார். "எங்க கேக்கறான்? மேல ஒரு சிட்டிகை வெச்சுட்டுத்தான் போனான்."

இன்னொன்றும் கேட்க வேண்டியிருந்தது. மகள் கல்யாணச் சாப்பாட்டைப் பற்றித் தாயிடம் கேட்பது முறையல்ல. அதனால் சமையல்காரரின் எண்ணை வாங்கி, அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அன்றைக்குக் கடைசிப் பந்தியில் சாம்பாரில் உப்பு இருந்ததா?

அவர் சற்று யோசித்தார்.

"இல்லைங்," என்றார்.